அடுத்த கன்சோலுக்குள் என்ன இருக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அடுத்த தலைமுறை வீடியோ கேம் கன்சோல்களின் சிப், மெமரி, விலை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

ஐயா, பிளேஸ்டேஷன் 6 பற்றிக் கசிந்த தகவல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு டெராஃபிளாப்ஸ் எண்ணைச் சொல்கிறார்கள். எதை நம்புவது? (கல்லூரி மாணவர், கோவை)

இப்போதைக்கு எதையும் நம்ப வேண்டாம். கசிந்த எண் உண்மையாகவே இருந்தாலும், அதைக் கொண்டு நாம் தவறான முடிவுக்குப் போய்விட முடியும் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பரில் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதன் கிராபிக்ஸ் திறன் 33.5 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கீடுகள் என்ற அளவு) என்று ஒரு செய்தி கசிந்தது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் திறன் 10.28 டெராஃபிளாப்ஸ்தான் என்பதால், புதிய கருவி மூன்று மடங்குக்கு மேல் வேகமாக இருக்கும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். கருவி கடைக்கு வந்த பிறகு சோனி சொன்ன எண் 16.7.

இரண்டு எண்களும் ஒரே சிப்பைப் பற்றியவைதாம். இந்தக் கன்சோல்களுக்கான சிப்பைத் தரும் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்டிஎன்ஏ 3 என்னும் கிராபிக்ஸ் சிப் வடிவமைப்பில், சில வகைக் கட்டளைகள் அடுத்தடுத்து அமைந்தால் இரண்டிரண்டாக ஒரே சுற்றில் (சிப்பின் ஒரு கடிகாரத் துடிப்பில்) முடிக்கும் வசதி உண்டு. அந்த வாய்ப்பு எல்லாச் சுற்றிலும் கிடைக்கும் என்று வைத்துப் பெருக்கினால் 33.5 வரும், அந்த வசதியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அதில் பாதிதான். சோனியின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2024 டிசம்பரில் வெளியிட்ட விளக்க உரையில் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக அவிழ்த்துக் காட்டினார்.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தக் கருவியிலேயே இருக்கிறது. 10.28இலிருந்து 16.7 என்றால் கணக்கீட்டுத் திறன் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது; ஆனால் ஆட்டத்தில் படங்களை வரையும் வேகம் 45 விழுக்காடு வரை கூடும் என்றுதான் சோனியே சொன்னது. மெமரியிலிருந்து தரவு வரும் வேகம் நொடிக்கு 448 ஜிபியிலிருந்து 576 ஜிபிக்கு, அதாவது ஏறத்தாழ 29 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கிணற்றில் எவ்வளவு நீர் ஊறினாலும், குழாயின் விட்டம் அனுமதிக்கும் அளவுதானே வயலுக்குப் பாயும்? அடுத்த தலைமுறையைப் பற்றிக் கணிக்க விரும்புகிறவர்கள் டெராஃபிளாப்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு மெமரியைப் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, மெமரியையே கேட்கிறேன். 24 ஜிபி என்கிறார்கள், 30 ஜிபி என்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? வெறும் ஊகமா? (மென்பொருள் ஊழியர், சென்னை)

ஊகம்தான், ஆனால் அதற்கு அடியில் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

கிராபிக்ஸ் மெமரி சிப் ஒவ்வொன்றும் பிராசசருடன் 32 பிட் அகலமுள்ள இணைப்பில் பேசுகிறது. பிளேஸ்டேஷன் 5இல் இரண்டு ஜிபி கொண்ட ஜிடிடிஆர்6 சிப்கள் எட்டு இருக்கின்றன. எட்டை 32ஆல் பெருக்கினால் 256 பிட்; இரண்டால் பெருக்கினால் 16 ஜிபி. ஒவ்வொரு பிட் தடமும் நொடிக்கு 14 கிகாபிட் கடத்துவதால், 256ஐ 14ஆல் பெருக்கி, பிட்டை பைட்டாக்க எட்டால் வகுத்தால் சோனி அறிவித்த அதே 448 ஜிபி கிடைக்கிறது. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் சிப்கள் பத்து. அவற்றில் ஆறு இரண்டு ஜிபி, நான்கு ஒரு ஜிபி. அதனால்தான் அதன் 16 ஜிபியில் 10 ஜிபி மட்டும் நொடிக்கு 560 ஜிபி வேகத்திலும், மீதி 6 ஜிபி 336 ஜிபி வேகத்திலும் இயங்குகின்றன.

அடுத்த தலைமுறைக்கு எல்லோரும் எதிர்பார்ப்பது, ஜிடிடிஆர்6க்கு அடுத்த வகையான ஜிடிடிஆர்7. இதன் தரநிலை 2024 மார்ச்சில் வெளியானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கிராபிக்ஸ் அட்டைகளில் 28 கிகாபிட், 30 கிகாபிட் வேகங்களில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. இதில் இரண்டு ஜிபி சிப்களுடன் மூன்று ஜிபி சிப்களும் கிடைக்கின்றன என்பதுதான் புதுமை. பழைய 256 பிட் அகலத்தையே வைத்துக்கொண்டு எட்டு இடங்களிலும் மூன்று ஜிபி சிப்களைப் பொருத்தினால் 24 ஜிபி. 30 ஜிபி என்ற எண் வேறு வழியில் வருகிறது. அகலத்தை 160 பிட்டாகக் குறைத்து, பலகையின் இரு பக்கமும் ஐந்தைந்து சிப்களை வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு சிப்கள் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளச் செய்தால், பத்து சிப்களுக்கு 30 ஜிபி. 32 கிகாபிட் வேகத்தில் இதற்கு நொடிக்கு 640 ஜிபி கிடைக்கும். இதே வேகத்தில் 256 பிட் அகலம் 1,024 ஜிபியைத் தரும். இரு பக்கமும் சிப் வைக்கும் முறை சோனிக்குப் புதிதன்று. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இன் முதல் வடிவத்தில் அரை ஜிபி சிப்கள் பதினாறு இப்படித்தான் அமைந்திருந்தன.

அந்த பிளேஸ்டேஷன் 4இன் கதை ஊகம் செய்யும் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும். அதில் 4 ஜிபி மெமரிதான் இருக்கும் என்று அறிவிப்புக்கு முன்புவரை பேசப்பட்டது. 2013 பிப்ரவரி 20 அன்று நியூயார்க் மேடையில் 8 ஜிபி என்று சோனி அறிவித்தது. பெரிய கொள்ளளவு கொண்ட சிப்கள் சரியான நேரத்தில் கைக்குக் கிடைத்ததே அதைச் சாத்தியமாக்கியது. மெமரியின் அளவை வடிவமைப்பாளரின் விருப்பத்தோடு சிப் சந்தையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இன்று அந்தச் சந்தை கவலை தருகிறது. உலகின் பெரும்பாலான டிராம் மெமரியைத் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றும் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான விலையுயர்ந்த மெமரியின் பக்கம் தங்கள் திறனைத் திருப்பியதால், 2025இன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குரூசியல் வணிகத்தையே கைவிடுவதாக மைக்ரான் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. எனவே 24 ஜிபிக்குக் கீழே யாரும் இறங்க மாட்டார்கள் என்று நான் எதிர்பார்த்தாலும், 30ஐத் தாண்டிய எண்களைக் கேட்கும்போது எனக்கு ஐயமே எழுகிறது.

மெமரி குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? படத்தின் தரம் சற்றுக் குறையும், அவ்வளவுதானே? (வாசகி, யாழ்ப்பாணம்)

அவ்வளவோடு நிற்பதில்லை என்பதற்கு சீரிஸ் எக்ஸின் மலிவான இணைக்கருவியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சான்று. குறைந்த விலைக்காக அதில் 10 ஜிபி மட்டுமே வைத்தார்கள். பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் இருவர் ஒரே திரையைப் பகிர்ந்து ஆடும் வசதியை இந்தக் கருவியில் ஓட வைக்க முடியாமல் அதன் படைப்பாளிகள் திணறினார்கள். கடைசியில் சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமலே வெளியிடலாம் என்று முடிவான பிறகு, 2023 டிசம்பரில்தான் எக்ஸ்பாக்ஸில் அந்த ஆட்டம் வந்தது. பிளேஸ்டேஷன் 5இல் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. கிராபிக்ஸ் திறன் போதாவிட்டால் படத்தின் தெளிவைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெமரி போதாவிட்டால் ஆட்டத்தின் அமைப்பிலேயே கைவைக்க வேண்டியிருக்கிறது.

நிறுவனங்கள் தாமாகச் சொன்னது என்ன? கசிவுகளை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

மைக்ரோசாப்ட், தன் அடுத்த எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கான சிப்களை ஏஎம்டியுடன் சேர்ந்து வடிவமைப்பதாக 2025 ஜூனில் அறிவித்தது. பழைய எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் தொடர்ந்து இயங்கும் என்றும் உறுதி கூறியது. சோனியும் ஏஎம்டியும் 2025 அக்டோபரில் ஒரு காணொளியில் மூன்று நுட்பங்களை விளக்கின. அவற்றில் முதலாவது, கிராபிக்ஸ் சிப்பில் தனித்தனியாக இயங்கும் கணக்கீட்டுப் பகுதிகளை இணைத்து, இயந்திரக் கற்றல் வேலைகளுக்கு ஒரே பெரிய எந்திரமாக்குவது. இரண்டாவது, ஒளிக்கதிர் எங்கே போய்ப் படுகிறது என்று தேடும் ரே டிரேசிங் வேலைக்கென்றே தனி வன்பொருள். மூன்றாவதன் பெயர் யுனிவர்சல் கம்ப்ரஷன். இப்போது படத்தரவு போன்ற சிலவற்றை மட்டும் சுருக்கும் நிலை மாறி, மெமரிக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் இடையே போகும் எல்லாத் தரவையும் சுருக்கி அனுப்புவது இதன் நோக்கம்.

பலரும் ரே டிரேசிங்கைப் பற்றி உற்சாகமாக எழுதினார்கள். எனக்கு அந்த மூன்றாவதுதான் மிகுந்த பொருளுடையதாகத் தெரிகிறது. மெமரி வேகத்தை விலை கொடுத்து வாங்குவது கடினமாகிவிட்டதால், இருக்கும் வேகத்தையே நீட்டித்துப் பயன்படுத்த வழி தேடுகிறார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. 160 பிட் போன்ற குறுகிய இணைப்பு பற்றிய ஊகத்துக்கும் இது ஓரளவு வலுச் சேர்க்கிறது. ஆயினும் இந்த நுட்பங்கள் இப்போதைக்குக் கணினி உருவகப்படுத்தலில் மட்டுமே இருக்கின்றன என்றும், சில ஆண்டுகளில் வரும் ஒரு கன்சோலில் இவற்றைக் கொண்டுவர விரும்புவதாகவும் செர்னி அந்தக் காணொளியிலேயே சொன்னார் என்பதை மறக்கக் கூடாது.

நீதிமன்ற ஆவணத்திலேயே அடுத்த எக்ஸ்பாக்ஸின் ஆண்டு இருந்ததாகப் படித்தேன். அது உறுதியான தகவல் அல்லவா? (வழக்கறிஞர், மதுரை)

ஆவணம் உண்மையானது. ஆக்டிவிஷன் என்னும் ஆட்டத் தயாரிப்பு நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்குவதை எதிர்த்து அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கின் கோப்புகள் 2023 செப்டம்பரில் தவறுதலாக வெளியாயின. அவற்றில் அடுத்த தலைமுறைக்கு 2028 என்று ஓர் உள்திட்டம் இருந்தது. பிராசசர் ஏஎம்டியின் வழக்கமான வகையா, கைபேசிகளில் பரவலான ஆர்ம் வகையா என்று அப்போது முடிவுகூட ஆகியிருக்கவில்லை. அதே கோப்புகளில், வட்டு செருகும் வசதி இல்லாத, உருளை வடிவச் சீரிஸ் எக்ஸ் 2024இல் வரும் என்றும் இருந்தது. 2024இல் வட்டு இல்லாத சீரிஸ் எக்ஸ் வந்தது, ஆனால் பழைய பெட்டி வடிவத்தில். உண்மையான ஆவணமும் அது எழுதப்பட்ட நாளின் திட்டத்தை மட்டுமே காட்டும்.

முன்பெல்லாம் கன்சோல் பழசாக ஆக விலை குறையுமே, இப்போது ஏன் ஏறுகிறது? (வாசகர், சேலம்)

பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்து, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 5 அங்கே 499 டாலரில் தொடங்கி, 2025 ஆகஸ்டில் 549.99 டாலராயிற்று. சீரிஸ் எக்ஸ் அதே ஆண்டில் இரண்டு முறை ஏறி 649.99 டாலரை எட்டியது. இறக்குமதி வரி இதில் ஒரு பங்கு என்றாலும், ஆழமான காரணம் சிப்பில் இருக்கிறது. முன்பு தயாரிப்பு முறை ஒரு படி முன்னேறினால் அதே சிப் பாதி அளவுக்குச் சுருங்கும்; ஒரு சிலிக்கான் தட்டில் இரு மடங்கு சிப்கள் கிடைக்கும்; விலையை இறக்கலாம். இன்று ஒவ்வொரு முன்னேற்றத்திலும் சிப் சுருங்குவது குறைவு, தட்டின் விலை ஏறுவது அதிகம். சிப்களைத் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனம் 5 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து 3 நானோமீட்டருக்குப் போனபோது, அதன் என்3இ முறையில் எஸ்ரேம் என்னும் உள்மெமரிச் செல்லின் பரப்பு சிறிதும் குறையவில்லை. ஆகவே அடுத்த கன்சோலை வாங்கக் காத்திருப்பவர்கள், சில ஆண்டுகள் கழித்து மலிவாகக் கிடைக்கும் என்ற பழைய கணக்கை நம்பியிருக்க வேண்டாம்.

வட்டுகள் இருக்குமா? என்னிடம் அலமாரி நிறைய இருக்கின்றன. (வாசகர், சிங்கப்பூர்)

கருவியோடு சேர்ந்து வராது, தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ அப்படித்தான் வந்தது. 2023இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5இலேயே கழற்றி மாட்டும் முறை தொடங்கிவிட்டது. அந்தப் பகுதியை முதன்முறை இணைக்க இணையத் தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு உடன்பாடானதன்று. பணம் கொடுத்து வாங்கிய வட்டைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஓட்டிப் பார்க்கும் உரிமை ஒரு சேவையகத்தின் ஆயுளைச் சார்ந்திருக்கக் கூடாது.

மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். அடுத்தது வரும்வரை காத்திருக்கலாமா, இப்போதே வாங்கித் தரலாமா? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

இப்போதே வாங்கித் தாருங்கள், அம்மா. சோனியின் கன்சோல்கள் 2000, 2006, 2013, 2020 என்று ஆறேழு ஆண்டு இடைவெளியில் வந்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027 வாக்கில் வரலாம்; 2028க்குத் தள்ளிப்போகவும் கூடும். அறிமுகமான நாளிலேயே இந்தியக் கடைகளுக்கும் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரி 2 அன்றுதான் 49,990 ரூபாய்க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ மற்ற நாடுகளில் வெளியானபோது இந்தியாவுக்கு வரவேயில்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இங்கு அப்போது திறந்துவிடப்படாததே காரணம் என்று சோனி விளக்கியது. அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதிக்கு உரிம விலக்குத் தரும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டதால், அடுத்த கருவிக்கு இந்தத் தடை இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். புதிய கன்சோல் வந்ததும் பழையதற்கு ஆட்டங்கள் நின்றுவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், 2022 நவம்பரில், காட் ஆஃப் வார் ராக்னராக் பிளேஸ்டேஷன் 4க்கும் சேர்த்தே வெளியானது.