பொன்னுக்கு வீங்கி வந்தால் பிள்ளை பிறக்காதா?

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை வைத்திருக்கிறேன். வயது 31, கல்யாணமாகி ஒன்றரை வருடம். ஏழு வாரத்துக்கு முன் அக்கா மகனிடமிருந்து பொன்னுக்கு வீங்கி ஒட்டிக்கொண்டது. ஆறாம் நாள் காய்ச்சலோடு வலது விதையும் வீங்கிவிட்டது. போன வாரம் காரைக்குடியில் விந்துப் பரிசோதனை செய்ததில் மில்லிக்கு 50 லட்சம் அணுக்கள்தான். ‘பிள்ளை கூட்டிக்க (தத்தெடுக்க) வேண்டியதுதான்’ என்று அப்பத்தா இப்போதே பேச்செடுக்கிறார். வழி உண்டா?

பதில்: அப்பத்தாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பரிசோதனை செய்தது சரி, செய்த நேரம்தான் சரியில்லை.

கண்ணாடி மேல் இன்றைக்கு வார்த்த கல்லை நாளைக்கே தரையில் பதிப்பீர்களா? தண்ணீரில் ஊற வேண்டும், உலர வேண்டும். விந்தணுவும் அப்படித்தான். விதைக்குள் உருவாகச் சுமார் 74 நாள், பிறகு முதிர்ந்து வெளியே வரச் சில நாள்; ஆக மூன்று மாதம். போன வாரம் நீங்கள் கொடுத்தது, காய்ச்சல் அடித்தபோது பாதி வேலையில் இருந்த சரக்கு.

விதை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் டெங்கு, ஃப்ளூ, கொரோனா என்று எந்தக் கடும் காய்ச்சல் வந்தாலும் எண்ணிக்கை சில மாதம் இறங்கும், பெரும்பாலும் தானே ஏறிவிடும். பொன்னுக்கு வீங்கி இன்னொரு படி மேலே. அந்த வைரஸ் விதைக்குள்ளேயே புகுந்துவிடும். விதையைச் சுற்றியுள்ள உறை விரிந்துகொடுக்காது. உள்ளே வீங்கும்போது அணு உருவாகும் குழாய்கள் நசுங்குகின்றன. வயதுக்கு வந்த ஆண்களில் 100 பேருக்கு இது வந்தால் 15 முதல் 30 பேருக்கு விதை வீங்கும். வீங்கிய விதைகளில் ஏறக்குறைய பாதி ஓரளவு சுருங்கலாம். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான், உங்களுக்கும் அப்படியே. மற்றது வேலை செய்யும். அடியோடு மலடாவது அபூர்வம். அக்கா மகன் சின்னப் பையன் என்றால் அவனை நினைத்துக் கவலை வேண்டாம்.

இன்னும் ஆறு வாரம் கழித்து, அதே லேபில், 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி. அதற்குக் குறைந்தாலும் கரு தரிக்கலாம். அப்போதும் ஏறவில்லை என்றால் ஆறாவது மாதம் இன்னொரு தடவை, கூடவே ஹார்மோன் சோதனையும் விதை ஸ்கேனும்.

ஒன்று கேட்கிறேன். ஒன்றரை வருடத்தில் இந்த நோய் வந்தது கடைசி இரண்டு மாதத்தில்தானே? அதற்கு முன்பும் முயற்சி செய்துகொண்டிருந்தீர்கள் என்றால், பழியை முழுக்க வைரஸ் மேல் போட முடியாது. மனைவியும் இப்போதே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடட்டும்.

அவசரத்தில் ஒரு தப்பு மட்டும் செய்துவிடாதீர்கள். ‘ஆண்மைக்கு’ என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் போனால் விதை தன் உற்பத்தியையே நிறுத்திவிடும். பேர் தெரியாத லேகியமும் வேண்டாம். பொன்னுக்கு வீங்கிக்கென்று கழுத்தில் போட்ட தங்கச் சங்கிலி? அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் தடுப்பூசி. அரசு போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து கிடையாது. தனியாரிடம் போடும் எம்எம்ஆரில் உண்டு. மனைவிக்கு இந்த நோய் வந்ததுமில்லை, எம்எம்ஆர் போட்டதுமில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். போட்ட பிறகு ஒரு மாதம் கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மறுசோதனைக்குக் காத்திருக்கும் இந்த ஆறு வாரம் அதற்குத் தோதான நேரம்.