பின் ஆக்ஸிலுக்கு எந்த லாக்கர்?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன் சார். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில்தான் ஓடும், மீதி நாளில் சேறு, பாறை என்று கிளம்பிவிடுவேன். போன முறை ஒரு குறுக்குப் பள்ளத்தில் முன்னால் ஒரு டயரும் பின்னால் ஒரு டயரும் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஃபோர் லோவில் (நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் மெதுவான கியர்) போட்டும் வண்டி நகரவில்லை. லாக்கர் (ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) போடு என்கிறார்கள். ஆனால் ஒருவர் ஏர் லாக்கர் என்கிறார், ஒருவர் டெட்ராய்ட் என்கிறார், இன்னொருவர் எல்எஸ்டியே (ஓரளவு மட்டும் பூட்டும் வகை) போதும் என்கிறார். எதைப் போடுவது?

பதில்: ஸ்விட்சைப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அணைத்தால் விட்டுவிடும் வகை லாக்கரைப் பின் ஆக்ஸிலுக்குப் போடுங்கள். ஐந்து நாள் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பள்ளத்தில் உங்களுக்கு நடந்தது இதுதான். சாதாரண டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். அந்தரத்தில் தொங்கும் டயரைச் சுற்ற 50 நியூட்டன் மீட்டர் போதும் என்றால், தரையைப் பிடித்திருக்கிற டயருக்கும் அதே 50தான் போகும், அதை வைத்து இவ்வளவு எடையை அசைக்க முடியாது. எல்எஸ்டி இதைக் கொஞ்சம் மாற்றும். பல்சக்கர வகையில், பிடிப்பு குறைந்த டயர் தாங்குவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மறுபக்கம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 50க்கு 150 கிடைக்கும். சறுக்கும் ரோட்டில் இது அருமையான பொருள். ஆனால் டயர் முழுக்கத் தூக்கிக்கொண்டால் பெருக்குவதற்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சில சமயம் தப்பிக்கலாம், அவ்வளவுதான். கிளட்ச் பிளேட் வகை என்றால் பிளேட் தேயத் தேயப் பிடியும் குறையும்.

டெட்ராய்ட் போன்ற தானியங்கி லாக்கர் உறுதியானது, ஸ்விட்ச், வயர், குழாய் எதுவும் வேண்டாம். இயல்பு நிலையிலேயே பூட்டித்தான் இருக்கும், திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் முந்தும்போது மட்டும் அதை விட்டுக்கொடுக்கும். சிக்கல் ரோட்டில்தான். ஒரு யூ டர்னை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.5 மீட்டர் இருந்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 31 அங்குல டயருக்கு அது கிட்டத்தட்ட 2 சுற்று! இந்த வித்தியாசத்தைத் தானியங்கி லாக்கர் 'டக் டக்' என்று பல் தாண்டித்தான் சரிசெய்கிறது. அதுவும் நடுத் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் பின்பக்கம் ஒரு உதறு உதறும். மழை ரோட்டில், காலிப் பெட்டியோடு போகும் பிக்கப்பில் அந்த உதறலை நான் விரும்ப மாட்டேன்.

இன்னொரு காரணம் சொந்த அனுபவம். நனைந்த களிமண் சரிவு ஒன்றில், வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது, பின் லாக்கரைப் போட்டிருந்தேன். பின் டயர் இரண்டும் ஒன்றாகச் சுழன்றதும் பக்கப் பிடிப்பே போய்விட்டது, வண்டியின் பின்பாதி சத்தமில்லாமல் பள்ளத்துப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் ஒரு மரம் நெருங்கி வருவது தெரிந்தது. காலை எடுத்தேன், ஸ்விட்சை அணைத்தேன், மெதுவாக மறுபடி கொடுத்தேன். மேல்பக்க டயர் மட்டும் சுழன்றது, கீழ்ப்பக்க டயர் மண்ணைக் கவ்வி நின்றது, அரை அடி அரை அடியாக மேலே வந்துவிட்டேன். அணைக்க முடியாத லாக்கராக இருந்திருந்தால் மரம்தான் நிறுத்தியிருக்கும்.

சரி, ஸ்விட்ச் வகையில் காற்றா மின்சாரமா? காற்று வகைக்குக் கம்ப்ரஸர் வேண்டும், ஆக்ஸில் வரைக்கும் குழாய் இழுக்க வேண்டும், அந்தக் குழாய் சைலன்ஸர் பக்கம் போனால் உருகும், பாறையில் உரசினால் அறுந்துபோகும். ஆனால் காற்று இறக்கிய டயரைத் திரும்ப நிரப்ப அதே கம்ப்ரஸர் உதவும். மின்சார வகையில் வயர் மட்டும்தான், வேலை சுலபம். சில மின்சார லாக்கர்கள் முன்னுக்குப் போய் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கணம் விட்டுவிட்டுத்தான் மறுபடி பூட்டும், சேற்றில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இரண்டில் எதைப் போட்டாலும் காய்ந்த தார் ரோட்டில் பூட்டி ஓட்டாதீர்கள், ஹாஃப் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) முறுக்கேறி ஒடியும்.

மாட்டுகிற கை முக்கியம். டிஃபரன்ஷியலைச் சுற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிச் சரிசெய்கிறவரிடம் கொடுங்கள். கண் மதிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்கிறவரிடம் கொடுத்தால் கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் வரும்.

கேள்வி: முன்னாலும் சேர்த்தே போட்டுவிட்டால் என்ன?

பதில்: முதலில் பின்னால் போட்டு ஒரு வருடம் ஓட்டுங்கள். ஏற்றத்தில் எடை பின்னால்தான் விழுகிறது, அங்கே போட்டதற்கு முழுப் பலன் உண்டு. முன்னால் பூட்டினால் ஸ்டீயரிங் இறுகிவிடும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். முழுக்க ஒடித்த நிலையில் மிதித்தால் சிவி ஜாயின்ட் (முன் சக்கரம் திரும்பியபடியே சுற்ற உதவும் மூட்டு) உடையும். பெரிய பாறைகளில்தான் வாழ்க்கை என்றால் போடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. லாக்கர் தேவையா?

பதில்: அது சுழலும் டயரைப் பிரேக் பிடித்து, மறு டயருக்கு விசையை அனுப்புகிறது. மோசமில்லை. ஆனால் டயர் முதலில் சுழன்றால்தான் விழித்துக்கொள்ளும், அதற்குள் சேற்றில் குழி பறித்துவிடும். லாக்கர் டயர் சுழல்வதற்கு முன்பே தயாராக நிற்கும். சேறும் பாறையும் எப்போதாவதுதான் என்றால் இருப்பதே போதும், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி: பழைய பிக்கப் வாங்கினேன். உள்ளே எந்த டிஃபரன்ஷியல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சமதளத்தில் முன் டயர்களுக்கு இருபக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண வகை, ஆனால் அணைத்து வைத்த ஸ்விட்ச் லாக்கரும் இப்படித்தான் சுற்றும். ஒரே திசையில் சுற்றினால் உள்ளே எல்எஸ்டியோ லாக்கரோ இருக்கிறது. சாதாரண வகைதான் என்றால் ஒரு சக்கரத்தை நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மற்றதைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். அதற்குள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் உங்கள் ஆக்ஸில் ரேஷியோ. சில ஆக்ஸில்களில் ரேஷியோவைப் பொறுத்து லாக்கரே மாறும், அதனால் இந்த எண்ணையும், ஹாஃப் ஷாஃப்டை உருவி எண்ணிய ஸ்ப்ளைன் (தண்டின் முனையில் உள்ள பற்கள்) கணக்கையும் எழுதிக்கொண்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கள்.