ஏழு பேர் அலுவலகத்தில், ஐந்து பேர் வீட்டில்: பாகுபாட்டை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். ஏழு பேர் தினமும் அலுவலகம் வருகிறார்கள், ஐந்து பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். "அவசரம்னா எங்க தலையிலதான் விழுது" என்று வருபவர்கள் முணுமுணுக்கிறார்கள். "உங்க கண்ணுல படறவங்களுக்குத்தான் பதவி உயர்வு" என்கிறார்கள் மற்றவர்கள். எல்லாரையும் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: பாதிகூடச் சரியாகாது. இரு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவை தனித்தனிக் குறைகள்: ஒன்று சுமை, மற்றது கண்ணில் படுவது.

சுமையை முதலில் பாருங்கள், அளப்பதற்கு எளிது. கூரியர் வாங்குவது, வந்தவரை உட்காரவைத்துப் பேசுவது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, புதிதாகச் சேர்ந்தவரின் சந்தேகம் தீர்ப்பது எல்லாம் எந்த வேலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை. தலா பத்து நிமிடம்தான். ஒரு நாளைக்கு ஆறு வந்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு பொதுத்தாள் வையுங்கள். நான்கு கட்டம் போதும்: என்ன வேலை, கேட்டது யார், எத்தனை நிமிடம், வீட்டிலிருந்தும் செய்ய முடியுமா. 12 பேருமே எழுத வேண்டும். வீட்டிலிருப்பவருக்கு இரவு ஒன்பது மணிக்கு வரும் அழைப்பும் சுமைதான்.

நான்காவது கட்டத்தில் 'முடியும்' என்று வந்தவற்றை 12 பேருக்கும் முறைவைத்துப் பிரியுங்கள். புதியவருக்கு வழிகாட்டுவதை வீட்டிலிருப்பவர் காணொளியில் தாராளமாகச் செய்யலாம். 'முடியாது' என்றவற்றை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குள் வாரத்துக்கு ஒருவர் எனச் சுழற்றுங்கள். அந்த நேரத்தை அவருடைய அந்த வார இலக்கிலிருந்து கழித்துவிடுங்கள். பல இடங்களில் முறை போடுவார்கள், இலக்கைக் குறைக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் முறையும் செத்துவிடும்.

கண்ணில் படும் விஷயம் இதைவிடச் சிக்கலானது. சீனப் பயணச்சேவை நிறுவனமான சிட்ரிப்பின் அழைப்பு மையத்தில், பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். வாரம் நான்கு நாள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலும் இருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனாலும் அதே அளவு வேலை முடித்த அலுவலகத்தாரோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. அதே நிறுவனத்தில் பிறகு நடந்த மற்றொரு சோதனையில், வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வில் பின்னடைவு தெரியவில்லை. ஆக, அடிக்கடி வந்துபோனால் இந்தக் குறை தணியக்கூடும். சுமைக் குறையை அது தொடாது. வெளியூரில் இருப்பவருக்கு அந்த வழியே கிடையாது.

நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் மதிப்பீட்டுக்கும் முன்னால் இருக்கிறது. நல்ல வேலைகள் பெரும்பாலும் "இப்ப யார் சும்மா இருக்கீங்க?" என்று தலையைத் திருப்பிக் கேட்கும் நொடியிலேயே கைமாறிவிடுகின்றன. கடந்த ஆறு மாதத்தில் பெயர் வாங்கித்தந்த வேலைகள் யார் யாருக்குப் போயின என்று எழுதிப் பாருங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். இனி இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் எந்த வேலையையும் ஒப்படைக்கும் முன் 24 மணி நேரம் குழுவில் அறிவித்துவிடுங்கள்.

மதிப்பெண் போடும் முன், ஒவ்வொருவருக்கும் தேதியோடு மூன்று சான்றுகள் எழுதுங்கள். ஒருவருக்கு மூன்று கிடைக்கவில்லை என்றால் அவர் வேலை செய்யவில்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள், நீங்கள் பார்க்காமலும் இருந்திருக்கலாம். அவரிடமே கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் போட்டபின் இரு தரப்பின் சராசரியையும் ஒப்பிடுங்கள். 12 பேரில் சிறு வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. முதல் நான்கு இடமும் அலுவலகத்தாருக்கே போயிருந்தால் சான்றுகளை மறுபடி படியுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் திரையில் இருந்தாலும் எல்லாரும் அவரவர் மடிக்கணினியில் ஹெட்செட்டோடு சேரட்டும். ஒரே அறையில் இரண்டு ஸ்பீக்கர் திறந்திருந்தால் எதிரொலியில் எதுவும் கேட்காது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எடுத்த முடிவு அன்றே எழுத்தில் வராவிட்டால் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு மட்டும் கண்காணிப்பு மென்பொருள் போடும் யோசனை வரும். வேண்டாம். மவுஸ் அசைவதை அது எண்ணும், வேலை முடிந்ததா என்று சொல்லாது. பயணப்படி, இணையச் செலவு இரண்டையும் சம்பளத்தில் கலக்காமல் தனியாகக் கொடுங்கள். ஒரே பொறுப்புக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு முணுமுணுப்பு தொடர்ந்தால், அந்த ஐந்து பேருக்கு வீட்டிலிருந்து வேலை எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். அதே வேலை செய்யும் இன்னொருவர் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கும். எந்தெந்தப் பணிகளுக்கு நேரில் இருப்பது கட்டாயம் என்பதை ஆட்களின் பெயர் இல்லாமல் எழுதி, 12 பேருக்கும் காட்டிவிட்டு, விண்ணப்பங்களைப் புதிதாக வாங்குங்கள்.