பகலில் தள்ளிவிடுகிறான், ராத்திரி கட்டிக்கொள்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. 8 மாதத்திலேயே எக்ஸிமா என்கிற அரிக்கும் தோல் நோய் வந்துவிட்டது. களிம்பு டியூபைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான், இழுத்துப் பிடித்துத்தான் தடவ வேண்டியிருக்கிறது. ஆனால் நடுராத்திரி அரிப்பில் விழித்தால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்கிறார்கள் வீட்டில். அவனுக்கு என்னைப் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா?

பதில்: ராத்திரி வலியிலும் பயத்திலும் எழுகிற குழந்தை யாரைத் தேடுகிறது என்று பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் தாய் சேய் பிணைப்பைப் பற்றி விரிவாகச் சொன்னதில் முக்கியமானது இதுதான்: உடம்பு முடியாதபோது, பயந்தபோது, குழந்தை தனக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். அது செல்லம் இல்லை. தயங்காமல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பகலில் ஏன் ஓடுகிறான்? வெடித்த தோலில் களிம்பு பட்டால் எரியும். எரிய வைக்கிற கையும் அணைக்கிற கையும் அவனுக்கு ஒன்றாகவே இருக்கிறது, இந்தக் கை இப்போது எதற்கு வருகிறது என்று 4 வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று. இந்த நோயுள்ள குழந்தைகளின் அம்மாக்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, பிள்ளையைக் கட்டிப்பிடித்திருக்கும்போதே விரல்கள் தானாக முழங்கையின் மடிப்புக்குப் போய், புதிதாகச் சொரசொரப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பாசம்தான், ஆனால் சோதனை நடக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

அதனால் தினமும் கொஞ்ச நேரம் சும்மா தொடுங்கள். டியூப் வேண்டாம், தோலைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கு நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து முதுகையோ தலையையோ மெதுவாக வருடுங்கள். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை மெதுவாக வருடும்போது நன்றாகத் தூண்டப்படுகிற தனி நரம்பு இழைகள் நம் தோலில் இருக்கின்றன, இதமாக இருக்கிறது என்ற உணர்வில் அவற்றுக்குப் பங்கு உண்டு. தோல் என்றாலே அரிப்பும் எரிச்சலும்தான் என்று ஆகிவிட்ட பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அரிப்பு அடங்கினால்தான் அவனுக்கும் உங்களுக்கும் தூக்கம். எரிச்சல் அதிகம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் கிரீமைவிட, எண்ணெய்ப் பசை அதிகமுள்ள ஆயின்ட்மென்ட் குறைவாகத்தான் எரியும், மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாம். முதலில் பொம்மைக்குத் தடவட்டும், அப்புறம் தன் முழங்காலுக்கு அவனே தடவட்டும், மேலெல்லாம் அப்பிக்கொண்டாலும் பரவாயில்லை. ‘சொறியாதே’ என்ற வார்த்தையை அவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றா சொறிகிறான்? அதற்குப் பதில் ஈரத்துணியைக் கொடுத்து, ‘இதை வைத்து அழுத்திக்கோ, நானும் அழுத்துறேன்’ என்று சொல்லலாம்.

மற்ற பிள்ளைகள் கேட்டால் சொல்ல, ‘இது ஒட்டுவாரொட்டி இல்லை, எனக்கு அரிக்கும், அவ்வளவுதான்’ என்று ஒரு வரி அவன் வாயில் இருக்கட்டும்.

தோல் நோயுள்ள குழந்தைகளின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அறிய 4 முதல் 16 வயது வரைக்குமான 10 கேள்விப் பட்டியல் ஒன்று 1995-லிருந்து மருத்துவர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. அரிப்பைப் பற்றி அதில் ஒரே ஒரு கேள்விதான். மற்றவை தூக்கம், நண்பர்கள், விளையாட்டு, கேலி என்று போகும். கடைசிக் கேள்வியே, சிகிச்சை எவ்வளவு தொந்தரவாக இருந்தது என்பதுதான். அதனால் கட்டிலுக்கு அடியில் ஒளிவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் நோயின் கணக்கில்தான் வரும். விளையாட்டில் ஆசை போய், எப்போதும் வாடியே இருந்தால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், செல்லம் கொடுக்கிறாய் என்று சொல்கிறவர்களில் ஒருவர் வாரத்தில் இரண்டு ராத்திரி அவனோடு விழித்திருக்கட்டும். நீங்கள் தூங்கி எத்தனை மாதம் ஆகிறது?