கிளட்ச் புதுசு, கால் பழசு

ஜூலை பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெட்ரோல் வாசனை கூடிவிடும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ், பழைய கார்களின் ஊர்வலம். குளிர்காலம் முழுக்க கராஜில் பிரித்துப் போட்டிருந்த வண்டியை இப்போது அவசர அவசரமாகப் பூட்டுகிறவர்கள்தான் எழுதுகிறார்கள். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் கிளட்ச் கேள்வி. அதனால் ரேடியேட்டர்காரர்களும் பெயிண்ட்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

அக்கா, என்னிடம் 1969 ஷெவெல் எஸ்.எஸ். 396 இருக்கிறது. மன்சி வகை நான்கு கியர் பெட்டி. போன வாரம் புது கிளட்ச் செட் போட்டார்கள். 500 மைல் மெதுவாக ஓட்டுங்கள், அதன்பிறகு உங்கள் இஷ்டம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ட்ரீம் குரூஸுக்குள் முடிக்க வேண்டும். ஐ-96 நெடுஞ்சாலையில் நாலு தடவை லான்சிங் போய்த் திரும்பினால் கணக்கு சரியாகிவிடும் அல்லவா?
– நோவை வாசகர்

தாராளமாகப் போய் வாருங்கள் தம்பி. லான்சிங் சட்டமன்றக் கட்டடம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மைலையெல்லாம் கிளட்ச் கணக்கில் எழுதாதீர்கள்.

ஐ-96ல் நான்காவது கியரில் போகும்போது கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கும் பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இறுகிக் கிடக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. உரசலே கிடையாது. கிளட்ச் செட் ஆவது உரசும்போதுதான். அதாவது நீங்கள் பெடலை மிதித்து விடுகிற அந்த ஒன்றிரண்டு விநாடியில். லான்சிங் போகும் ஒரு மணி நேரத்தில் அது எத்தனை தடவை நடக்கும்? வீட்டுப் பக்கத்தில் கிராண்ட் ரிவர் சாலையில் நாலு சிக்னல் தாண்டி காய்கறி வாங்கி வந்தால் அதைவிட அதிகம் நடக்கும். 500 மைல் என்று சொல்வது ஊருக்குள் நின்று நின்று ஓடும் 500 மைலை. ஒர்க்‌ஷாப்காரர்கள் அந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், நான் பல வருடம் ஒரு சோதனைக்கூடத்தில் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பார்ப்பதே வேலையாக இருந்தவள். புது பிளேட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உரசும் மேற்பரப்பான லைனிங் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அங்கங்கே மட்டும் விரல் நகம் அளவுக்குப் பளபளவென்று திட்டுகள் தெரியும். ஃப்ளைவீலை இதுவரை தொட்டது அந்தத் திட்டுகள்தான். மீதி இடம் சும்மா பக்கத்தில் நிற்கிறது. எதிரே ஃப்ளைவீலிலும் கிரைண்டிங் கல் விட்டுப்போன மெல்லிய வட்டக் கோடுகள் அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்து, திட்டுகள் பெருகி, முழுப் பரப்பும் படிய வேண்டும். கிராமத்தில் புது ஆட்டுக்கல்லைக் கொத்தி வந்ததும் தவிட்டைப் போட்டு ஆட்டி எடுத்த பிறகுதானே மாவுக்கு வருவார்கள், அந்த மாதிரி.

அதற்கு முன்னால் நீங்கள் 4,000 ஆர்.பி.எம்மில் பெடலைப் படாரென்று விட்டால் என்ன ஆகும்? உங்கள் 396 சாதாரண 325 குதிரைசக்தி எஞ்சினாக இருந்தாலும் 410 பவுண்டு-அடி முறுக்கு தருவது. அத்தனையும் அந்த நகத்தளவு திட்டுகள் வழியாகப் போயாக வேண்டும். அந்த இடம் மட்டும் கொதிக்கும். லைனிங்கைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் சூட்டில் கெட்டு மேலே வந்து கண்ணாடி மாதிரி படியும். கண்ணாடி படிந்த லைனிங் பிடிக்காது, வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. ஃப்ளைவீலிலும் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்பு விழும். புது கிளட்ச் ஒரே சாயங்காலத்தில் பழசாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் கியரில் 1,000–1,500 ஆர்.பி.எம்முக்குள் கிளம்புங்கள். பெடலைத் தயங்காமல், அதே சமயம் உதறாமல் விடுங்கள். வண்டி உருள ஆரம்பித்ததும் காலை முழுக்க எடுத்துவிடுங்கள். கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம். மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாதீர்கள், அதற்குத்தான் பிரேக் இருக்கிறது. டிரெய்லர் இழுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து சிக்னலுக்குப் பிறகு கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட்டினால் சூடு ஆறும். ஐ-96ஐ அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மன்சி பெட்டி எம்20 வகையா, எம்21 வகையா என்று எழுதவில்லை. எம்20ல் முதல் கியர் விகிதம் 2.52, எம்21ல் 2.20; எண் குறைந்தால் கிளம்பும்போது இழுவை குறைவு. நெடுஞ்சாலைக்கு வசதி என்று யாராவது பின் ஆக்சிலில் 3.31 விகிதம் போட்டு, முன்னால் எம்21ஐ வைத்திருந்தால் கிளம்பும்போது கிளட்ச் அதிக நேரம் உரசித்தான் ஆக வேண்டும். அந்த ஜோடி என்றால் இன்னும் நிதானம் தேவை.

ட்ரீம் குரூஸ் பற்றி ஒரு வார்த்தை. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பதினாறு மைல், ஆமை வேகம், ஆகஸ்ட் வெயில். நின்று நின்று போவதால் கிளட்ச் செட் ஆக நல்லது என்று உங்களுக்கு ஒரு நண்பர் சொல்லுவார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சிக்னலில் நின்று கிளம்புவது வேறு, பம்பரோடு பம்பர் ஒட்டி மணிக்கணக்கில் ஹாஃப் கிளட்சில் ஊர்வது வேறு. முன் வண்டி நாலு கார் நீளம் போகட்டும், அப்புறம் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

பெடலின் மேல்பக்கம் சும்மா ஆடுகிற ப்ளே இன்று ஒரு அங்குலம் இருந்தால் அதை அளந்து எழுதி வையுங்கள். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் நெம்புவிரல்கள், பெடலை மிதிக்கையில் அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் பக்கம் நகரும், ப்ளே குறையும். புது லைனிங் முதல் சில நூறு மைலில்தான் வேகமாகப் படியும். 500 தாண்டியதும் மறுபடி அளந்து, கீழே கம்பியில் சரிசெய்யுங்கள். ப்ளே சுத்தமாகப் போனால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செட் ஆக்கிய கிளட்ச் தானாக வழுக்க ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரர் 1967 மஸ்டாங் ஜி.டி. 390க்குப் புது கிளட்ச் போட்டிருக்கிறார். ஓட்டிவிட்டு வந்தால் கராஜ் முழுக்கத் தீய்ந்த வாடை. "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அப்படித்தானா?
– கேன்டன் வாசகி

முதல் சில நாள் அப்படித்தான். பிரஷர் பிளேட் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பும் எண்ணெயை ஒழுங்காகத் துடைக்காமல் பூட்டியிருப்பார்கள், அது எரியும். லைனிங்கில் மிச்சமிருக்கும் ரெசினும் கொஞ்சம் வாடை விடும். நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறையாமல் ஒவ்வொரு முறையும் அதே நாற்றம் என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி: நேரான சாலை, மூன்றாவது கியர், முப்பது மைல் வேகம். ஆக்ஸிலேட்டரைச் சீராக அழுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் வழுக்கல் உறுதி. ஒரு தடவை பார்த்தால் போதும். நிரூபிக்கிறேன் என்று பத்துத் தடவை செய்தால் அந்தப் பரிசோதனையே கிளட்சைத் தின்றுவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு மேல் கியரில் பெடலை விட்டுப் பார்க்கும் வித்தை புது கிளட்சில் வேண்டவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் அவருடைய இடது காலைப் பாருங்கள். கியர் மாற்றியபிறகு அந்தக் கால் எங்கே இருக்கிறது? நான் கேள்விப்பட்ட "தீய்ந்த வாடை" வழக்குகளில் பாதி, பெடல் மேல் இளைப்பாறும் கால்தான். பெடலை ஓய்வுப் பலகையாக வைத்தால் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்து போகும். இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும். பத்திரிகையைத் திறந்தபடி டைனிங் டேபிளில் வைத்துவிடுங்கள்.

1968 கமாரோ, 327 வி8. கிளட்ச், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் வேலை எல்லாம் முடிந்து வந்தது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளம்பும்போது வண்டியே உதறுகிறது, டாஷ்போர்டு கடகடவென்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– ட்ராய் வாசகர்

லேசான அதிர்வு என்றால் காத்திருக்கலாம், பரப்பு படியும்போது போகும். டாஷ்போர்டு கடகடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓடச் சரியாகிற சமாசாரம் இல்லை. நான் என்றால் நாலு விஷயம் பார்ப்பேன்.

பில்லை எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கு ஆகிற, துண்டு துண்டாக உலோக லைனிங் ஒட்டிய பிளேட்டைப் போட்டிருந்தால் உதறுவது அதன் சுபாவம். எத்தனை மைல் ஓட்டினாலும் மாறாது. தெருவில் ஓட்டுகிறவருக்கு ஆர்கானிக் லைனிங் போதும், அதற்கு மேல் போடச் சொன்னவர் உங்கள் காசில் பந்தயம் ஓடுகிறார்.

ஃப்ளைவீலை எப்படிச் சரிசெய்தார்கள் என்று கேளுங்கள். பழைய சூட்டுத் தழும்பு உள்ள இடம் இறுகிக் கெட்டியாகியிருக்கும். லேத்தில் போட்டுச் சீவினால் உளி அங்கே ஏறி இறங்கிப் போய்விடும், மேடு மேடாகவே நிற்கும். கல் வைத்து கிரைண்ட் செய்திருக்க வேண்டும்.

கிளட்ச் மூடிக்குக் கீழே எண்ணெய் ஈரம் இருக்கிறதா? எஞ்சினின் பின் சீல் கசிந்தால் லைனிங் நனையும். நனைந்த பிளேட்டைக் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

நாலாவதுதான் என் சந்தேகம்: எஞ்சின் மவுன்ட், அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கி. அந்தக் கால ஷெவர்லே வி8 வண்டிகளில் மவுன்டின் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து, எஞ்சின் ஒருபக்கம் தூக்கி ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்துவிடும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, உங்கள் வருடத்துக் கமாரோவும் அதில் உண்டு. அப்போது புது மவுன்ட் போடவில்லை. எஞ்சின் எழும்பாமல் ஒரு கம்பி வடம் கட்டி அனுப்பினார்கள். ஆகவே உங்கள் வண்டியில் இன்னும் அந்தப் பழைய ரப்பரே இருந்தாலும் இருக்கும்.

இதற்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் வண்டியில் பெடலையும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கிளட்ச் ஃபோர்க்கையும் இணைக்கும் இசட்-பார் ஒரு முனையில் எஞ்சின் பக்கமும் மறு முனையில் வண்டியின் இரும்புச் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கிளட்சை விட, எஞ்சின் எழும்ப, இசட்-பார் சாய்ந்து கிளட்சை மறுபடி லேசாக இழுக்கிறது. எஞ்சின் இறங்க, கிளட்ச் பிடிக்கிறது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு. அந்த உதறலைத்தான் நீங்கள் டாஷ்போர்டில் கேட்கிறீர்கள்.

பானெட்டைத் திறந்து வைத்து, கார் ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைத் துளி விடச் சொல்லுங்கள். டிரைவர் பக்கம் எஞ்சின் துள்ளி எழுந்தால் மவுன்ட் போய்விட்டது. நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது.

பிளைமவுத் ரோட் ரன்னர் 1970. பழைய மூன்று விரல் கிளட்சை எடுத்துவிட்டு, ஒரே வட்டத் தட்டு ஸ்பிரிங் உள்ள டயாஃப்ரம் வகை போட்டேன். இப்போது அடிவரை மிதித்தால் பெடல் தரையிலேயே ஒட்டிக்கொள்கிறது, கால் விரலால் தூக்க வேண்டியிருக்கிறது.
– ஃபார்மிங்டன் ஹில்ஸ் வாசகர்

கிளட்ச் மேல் பழி போடாதீர்கள். டாஷ்போர்டுக்குக் கீழே, பெடலின் மேல்பக்கம் ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கும். பழைய மூன்று விரல் கிளட்ச் ரொம்பக் கனம், அதற்குக் கைகொடுக்க வைத்தது. பெடல் பாதி தாண்டியதும் அந்த ஸ்பிரிங் தரைப் பக்கம் தள்ளும். டயாஃப்ரம் கிளட்ச் அந்த இடத்தில் இலகுவாகிவிடுவதால் ஸ்பிரிங் ஜெயித்துவிடுகிறது. அதைக் கழற்றிவிடுங்கள், பெடல் திரும்பி வரும். கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், இழுவிசையில் இருக்கிற ஸ்பிரிங் அது.

கழற்றிப் போட்ட பழைய கிளட்ச் பிளேட்டைச் சுத்தம் செய்து கராஜ் சுவரில் கடிகாரமாக மாட்ட ஆசை. ஏர் கம்ப்ரஸரால் ஊதினால் போதுமா?
– அதே ஃபார்மிங்டன் ஹில்ஸ் வாசகர்

ஊதாதீர்கள்! அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சகஜம். ஊதினால் அந்தத் தூசு உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும். உலர்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பிளேட்டையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். எங்கே போடுவது என்று உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கேளுங்கள். கடிகாரத்துக்குப் பழைய கியர் ஒன்று போதும், மன்சியோ வேறெதுவோ, ஓட்டை நடுவில் இருந்தால் சரி.