ஆர்கேட் போர்டும் வீட்டு கன்சோலும்: கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, நாவோமியும் ட்ரீம்காஸ்டும் ஒரே மெஷின்னு சொல்றாங்களே, மெய்யா?

பாதி மெய், தம்பி. நாவோமி சேகாவோட ஆர்கேட் போர்டு, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் மெஷினோட உள் போர்டு. ட்ரீம்காஸ்ட் அதே சேகாவோட வீட்டு கன்சோல். ரெண்டிலும் 200 மெகாஹெர்ட்ஸ் எஸ்எச்-4 ப்ராசஸர், பவர்விஆர்2 கிராஃபிக்ஸ். வித்தியாசம் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில். நாவோமிக்கு மெயின் ராம் 32 எம்பி, ட்ரீம்காஸ்டுக்கு 16. வீடியோவுக்கு நாவோமியில் 16, ட்ரீம்காஸ்டில் 8. சவுண்டுக்கு நாவோமியில் 8, ட்ரீம்காஸ்டில் 2. அதனால் வீட்டுக்கு மாற்றும்போது முதலில் அடிபடுவது டெக்ஸ்சரும் (உருவங்கள் மேல் ஒட்டும் படங்கள்) சவுண்டும். சிப் பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, ராமைப் பாருங்க.

பதுளை: டெக்கன் 3 பிளேஸ்டேஷன்ல பின்னணி ஏன் தட்டையா இருக்கு?

இந்தச் சண்டை கேமோட 1997 ஆர்கேட் பதிப்பு ஓடியது நம்கோ சிஸ்டம் 12 போர்டில். அதுவும் பிளேஸ்டேஷன் வழி வந்ததுதான், ஆனா ப்ராசஸர் வேகம் கூட. வீட்டுப் பதிப்பில் ஆட்களின் அசைவைக் காப்பாற்ற, பின்னணியைப் படமாக்கி ஒட்டிட்டாங்க. சரியான முடிவுன்னுதான் சொல்வேன். சண்டையில் யார் மலையைப் பார்க்கப் போறாங்க?

கண்டி: எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எதில் வாங்கலாம்?

சேகாவோட சாட்டர்ன் கன்சோலில். 4 எம்பி ராம் கார்ட்ரிஜும் சேர்த்து வாங்கணும், அது இல்லாம கேம் ஓடாது. பிளேஸ்டேஷன் பதிப்பில் நடுவில் ஆள் மாற்றும் வசதியே போச்சு, ராம் போதவில்லை.

நுவரெலியா: ஜப்பான் ட்ரீம்காஸ்டை நேரா ப்ளக்ல குத்தலாமா?

வேணாம், பவர் சப்ளை போயிடும். அது 100 வோல்ட், நம்ம கரண்ட் 230. 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்க, 100 விஏ தாராளம். போடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரில் அவுட்புட்டை அளந்து பாருங்க. வீடியோ வெளியீடு என்டிஎஸ்சி கலர் முறை, பால் (PAL) கலர் முறை மட்டும் எடுக்கும் பழைய டீவியில் மஞ்சள் வீடியோ வயரில் கறுப்பு வெள்ளையாத்தான் வரும். விஜிஏ கேபிளில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனா சில கேம்கள் விஜிஏயை ஏற்காது.

பண்டாரவளை: நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுல பச்சையா பூத்திருக்கு. கார்ட்ரிஜை வீட்டு ஏஇஎஸ்ல போட்டு விளையாடலாமா?

நேரா போட முடியாது. எம்விஎஸ் நியோ ஜியோவோட ஆர்கேட் போர்டு, ஏஇஎஸ் அதன் வீட்டு கன்சோல். கேம் டேட்டா ஒன்றே, பின் அமைப்பு வேற, கன்வெர்ட்டர் வேணும்.

பச்சை பெரும்பாலும் போர்டில் உள்ள 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்தது. பனி ஈரத்தில் அரிப்பு இன்னும் வேகமாப் பரவும், தள்ளிப்போடாதீங்க. முதலில் பேட்டரியைக் கழற்றுங்க. கசிவு காரம், அதனால் வெள்ளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைச்சு, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, முழுசா காய விடுங்க. செம்புப் பாதை அறுந்திருந்தா மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு தொடருதா என்று) பார்த்து மெல்லிய வயரால் இணைக்கணும். கரண்ட் கொடுக்கிறது கடைசியில்தான்.