காக்டெயிலா, ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸா? பறவை வாங்கப் போகிறவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. பறவை வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். கணவர் காக்டெயில் வாங்கலாம் என்கிறார். கடைக்காரரோ, "அது எதற்கு, ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், கலராக இருக்கும், வேலையும் இல்லை" என்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். அவருக்குக் கொஞ்சம் வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: மாமியாரின் வீசிங்கைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதிலே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

காக்டெயில், காக்கட்டூ எனப்படும் கொண்டைக்கிளிக் குடும்பத்துப் பறவை. அந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு விஷயம், உடம்பில் சில இறகுகள் தொடர்ந்து பொடிந்து மெல்லிய தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். மற்ற இறகுகள் நனையாமல் இருக்க அந்தத் தூள்தான் காப்பு. குளிக்கக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், அது குளித்து முடித்ததும் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துக் கிடக்கும். டிவி திரை, சோபா, ஃபேன் இறக்கை எல்லாவற்றிலும் அந்தத் தூள் படியும். பகல் முழுக்க அதே ஹாலில் உட்கார்ந்திருக்கிற, இன்ஹேலர் எடுக்கிற பெரியவர் இருக்கும் வீட்டுக்கு நான் காக்டெயிலைச் சொல்லமாட்டேன். உங்கள் கணவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

லவ்பேர்டில் இந்தத் தூள் வெகு குறைவு. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பறவையிலும் இறகுத் துகள் உண்டு, காய்ந்த எச்சம் தூசியாகிப் பறக்கும். பறவைத் தூசியால் நுரையீரலிலேயே அழற்சி வருகிற நோய் ஒன்று உண்டு. அது வந்துவிட்டால் பறவையை வீட்டை விட்டு அனுப்புவதுதான் முதல் வைத்தியம். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் மாமியாரின் நெஞ்சக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இரண்டுமே வேண்டாம். மகனிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

மருத்துவர் சரி என்றால் லவ்பேர்ட்ஸ் பக்கம் போகலாம். ஆனால் "வேலை இல்லை" என்று கடைக்காரர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். லவ்பேர்ட் ஐம்பது கிராம் சொச்சம்தான் இருக்கும். அலகின் பலமோ அதன் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. மரச்சட்டம், கேலண்டர், சார்ஜர் ஒயர் என்று எது கிடைத்தாலும் கடிக்கும். விரலும் அதில் சேர்த்திதான், பிள்ளையின் விரலில் ரத்தம் வரும் அளவுக்குக் கடிக்கக்கூடியது. காலையிலும் சாயங்காலமும் கீச்சென்று கத்துவது பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கும். காக்டெயில் இந்த விஷயங்களில் எவ்வளவோ சாது. ஆண் காக்டெயில் விசிலடிக்கப் பழகும், தலையைக் குனிந்து கொண்டையைச் சொறியச் சொல்லிக் கேட்கும். தூசி மட்டும் இல்லாவிட்டால், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காக்டெயிலைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. லவ்பேர்ட்ஸை ஜோடியாக வாங்கினால் அவை ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொள்ளும், உங்களோடு ஒட்டாது. ஒற்றையாக வாங்கினால் கையில் ஏறும். ஆனால் அதற்குத் தினமும் மணிக்கணக்காக ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை. எனவே ஜோடியாக வாங்கி, பார்த்து ரசிக்கிற பறவைகளாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இது தோளில் உட்காராது." பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. லவ்பேர்டில் பீச்ஃபேஸ் என்ற வகையின் பெண் பறவைக்கு ஒரு தாள் கொடுத்தால், ஓரத்திலிருந்து அலகால் வரிசையாகத் துளைத்து, நீளநீளமான கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு கீற்றையும் தன் முதுகின் பின்பக்க இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். கூட்டுக்கு அப்படித்தான் சுமந்து போகும். பாதி வழியில் விழுந்துவிடும், மறுபடி கிழிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

பானையோ கூட்டுப் பெட்டியோ கட்டாதீர்கள், கட்டினால் முட்டை, குஞ்சு என்று போகும். ஆண் பெண் அடையாளம் பார்த்துத் தெரிகிற பறவையும் அல்ல. "ஜோடிதான்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும், இறகை அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்தால்தான் உறுதி. இரண்டும் பெண்ணாக அமைந்து சண்டை போட்டால் பிரித்து வைக்க இன்னொரு கூண்டு வேண்டியிருக்கும்.

கூண்டு குறைந்தது இரண்டடி நீளம், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குள். மலிவான ஜிஐ வலைக் கூண்டு வாங்கினால் கவனம். புதுக் கம்பியில் இருக்கும் துத்தநாகப் பூச்சை லவ்பேர்ட் கொறித்துத் தின்றுவிடும், அது விஷம். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முடிந்தால் பவுடர் கோட்டிங் கூண்டாகவே வாங்கிவிடலாம்.

இடம் எது என்பது அடுத்த விஷயம். அடுக்களைப் பக்கம் வைக்கவே வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் காயவைத்துவிட்டு, கதவு மணி அடிக்கிறதே என்று போய்விடுகிறோம் அல்லவா, வெறுமனே அதிகமாகச் சூடேறிய அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவை சில நிமிடங்களில் செத்து விழுந்துவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் பறவைக்கும் ஆகாது, சொல்லப்போனால் மாமியாருக்கும் ஆகாது. வலை அடித்த, மதிய வெயில் நேராக விழாத பால்கனி உங்களுக்குச் சரியாக இருக்கும். வீட்டுக்குள் திறந்துவிடுவதானால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான்.

தீனிக்கு சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டாதீர்கள், கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெடும். தினை, சாமை, கம்பு கலந்து கொடுத்து, முருங்கைக்கீரையோ கொத்தமல்லியோ தினமும் வையுங்கள். அலகு உரசவும் சுண்ணாம்புச் சத்துக்கும் கடல்நுரை (கணவாய் ஓடு) ஒரு துண்டு தொங்கட்டும். அவகாடோ, சாக்லேட் கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று: லவ்பேர்ட் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். காக்டெயில் இருபதைத் தொடும். மகன் கல்லூரிக்குப் போன பிறகு கூண்டைக் கழுவப் போவது யார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு கடையில் நீல நிற ஃபிஷர் லவ்பேர்ட் பார்த்தேன். பீச்ஃபேஸை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பேப்பர் ஏதும் தேவையில்லை என்கிறார்கள். நிஜமா?

பதில்: இல்லை. கண்ணைச் சுற்றி இறகில்லாத வெள்ளை வளையம் இருந்தால் அது ஃபிஷர் அல்லது அதன் நெருங்கிய இனம். பீச்ஃபேஸுக்கு அந்த வளையம் கிடையாது. நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள், நீலம் இரண்டிலும் வருகிறது.

இந்த வித்தியாசம் சட்டத்திலும் இருக்கிறது. அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் ஏறக்குறைய எல்லாக் கிளி இனங்களும் இருக்கின்றன. பட்ஜி என்கிற சின்னக் கிளி, காக்டெயில், பீச்ஃபேஸ் லவ்பேர்ட் போன்ற வெகு சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஃபிஷருக்கு விலக்கு இல்லை. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கனூர் என்கிற கிளி வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். விற்பவரின் பதிவு விவரம், பெயர் மாற்றம் இரண்டையும் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு கடை பாருங்கள். காலில் இடைவெளி இல்லாத முழு வளையம் இருந்தால் நல்ல அறிகுறி. அது குஞ்சுப் பருவத்தில்தான் ஏறும், வளர்ந்த பறவைக்கு மாட்ட முடியாது.

"இதெல்லாம் வேண்டாம் சார், பச்சைக்கிளி தருகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம்.

கேள்வி: வீட்டில் ஒரு காக்டெயில் இருக்கிறது. துணைக்கு ஒரு ஆப்பிரிக்கன் லவ்பேர்டை அதே கூண்டில் விடலாமா?

பதில்: வேண்டாம். உருவத்தில் பெரியது காக்டெயில்தான், ஆனால் அடி வாங்குவதும் அதுதான். லவ்பேர்ட் அதன் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். துணை என்றால் இன்னொரு காக்டெயில் வாங்குங்கள், ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்து வையுங்கள். சாம்பல் நிறத்தில் ஆண் வேண்டுமானால் முகம் பளிச்சென்ற மஞ்சளாக மாறிய, வளர்ந்த பறவையாகப் பாருங்கள். குஞ்சில் எல்லாமே பெண்ணைப் போலத்தான் இருக்கும்.

கேள்வி: ஊசியால் ஊட்டி வளர்த்தால் நன்றாக ஒட்டும் என்று சொல்லி, இன்னும் இறகு முளைக்காத காக்டெயில் குஞ்சு ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்கிறார் கடைக்காரர். பில்லும் இல்லை.

பதில்: ஹேண்ட்ஃபீட் என்று சொல்லி இறகு முளைக்காத குஞ்சைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுப்பதை நான் வியாபாரம் என்றே சொல்லமாட்டேன். கூழ் கொஞ்சம் ஆறினால் இரைப்பையில் தங்கிப் புளித்துவிடும், கொஞ்சம் சூடு அதிகமானால் இரைப்பை வெந்துவிடும். தேர்ந்த கை வேண்டிய வேலை அது. தானாகத் தின்னப் பழகிய, இரண்டரை மாதம் தாண்டிய குஞ்சை வாங்கினாலும் ஒட்டும். வாங்குவதற்கு முன், உங்கள் கண்ணெதிரே அது தினை உடைத்துத் தின்பதைப் பாருங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருப்பது, மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுவது, வாலடியில் எச்சம் ஒட்டியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

இனி பணம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான், பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஜிபே, போன்பேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பும் சாட்சி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்ச ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறதா என்றும் கேளுங்கள், 2018-ம் வருட விதிப்படி செல்லப்பிராணிக் கடைகளுக்கு அது கட்டாயம்.

உங்கள் வழக்கில் சிக்கல், குஞ்சு வாங்கும்போதே நோயோடு இருந்ததா, ஊட்டியதில் தவறா என்பதுதான். அதைப் பிரேதப் பரிசோதனைதான் சொல்லும், இப்போது அதற்கு நேரம் கடந்துவிட்டது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வாங்கிய சில நாளில் பறவை இறந்தால் புதைத்துவிடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கோ மறுநாளோ கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால் திசு கெட்டுப்போகும். அதற்கடுத்த சில வாரங்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருந்தது என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும், உரிய ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகிவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம்.